பேசி வைத்த டிரா

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பித்தால், "வீட்டுல ஒரு மனுஷன் படுத்துக் கிடக்குறாரு, இவளுக்கு நலமாம் நலம்" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்கு இங்கேயே கேட்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

துறைமுகக் கழகத்தில் பெண்கள் சதுரங்க அணி சேர்க்கிறார்கள். பத்துப் பேருக்கு மட்டும் அழைப்பு. எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆட்டம். முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்கு நிரந்தர வேலை. சும்மா உட்கார்ந்து காய் நகர்த்தச் சம்பளம் தருவார்கள் என்று கனவு காணாதீர்கள். நாள் முழுக்க டைப் அடிக்க வேண்டும், போட்டி வரும்போது அவர்களுக்காக ஆடப் போக வேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அவர்களுக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊழியரின் கணவன், மனைவி, பிள்ளைகள் என்றால் ஆபரேஷன் உட்பட எல்லாமே அங்கே பார்த்துவிடுவார்கள். முதுகெலும்புக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம். மழைக்காலத்துக்குள் ஆபரேஷன் செய்தால் அண்ணன் எழுந்து நடக்க வாய்ப்பு உண்டு, தள்ளிப்போனால் கஷ்டம் என்று நம் டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஏணியிலிருந்து விழுந்தது அண்ணன், அந்தக் கான்ட்ராக்டர் என்னவோ அவன்தான் அடிபட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனவன், திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நீ ஒருத்தி ஜெயித்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். அதையும் கேட்டுவிட்டேன். கல்யாணமாகாதவளுக்குத் தாய் தகப்பன் மட்டும்தான் குடும்பமாம். கூடப் பிறந்தவன் கணக்கில் வரமாட்டானாம். பதில் சொன்ன அந்தக் குமாஸ்தா மூஞ்சியில் மையைக் கொட்டலாம் போல இருந்தது. ஆக, நீங்கள் வந்தே தீர வேண்டும். போன வருஷம் மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தீர்களே, அது போதும் என்று சொன்னார்கள். உங்களைக் கேட்காமலேயே பெயர் கொடுத்துவிட்டேன். திட்டுவதானால் நேரில் திட்டுங்கள்.

குலுக்கலும் முடிந்துவிட்டது. கடைசி ஞாயிறு உங்களுக்கும் எனக்கும். உங்களுக்கு வெள்ளைக் காய். நாம் உறவு என்று நான் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் முதல் சுற்றிலேயே மோதவிட்டுவிடுவார்கள். சொந்தக்காரர்கள் கடைசியில் மோதினால் ஒருத்தருக்கொருத்தர் பேசி வைத்துக்கொள்வார்கள் என்று எல்லாப் போட்டியிலும் ஒரு பயம். நியாயமான பயம்தான். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். மற்ற எட்டுப் பேரை ஒரு கை பார்ப்போம். நமக்குள் டிரா. சரியா?

ஹாலில் என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். பேச்சும் வேண்டாம். எதுவானாலும் கடிதத்தில். ஹாஸ்டலுக்குப் போன் செய்தால் வார்டன் பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் கேட்பாள்.

அண்ணனுக்கு என் முத்தம்.

உங்கள் செல்ல நாத்தனார்,
வாலு


மார்ச் 11

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். மை கொட்டுகிற இடத்தில் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகிவிட்டது. சிரித்தால் முதுகில் வலிக்கிறது என்று சிரிப்பையே விட்டிருந்தார். அந்த ஒன்றுக்காகவே, கேட்காமல் பெயர் கொடுத்த குற்றத்தை மன்னிக்கிறேன்.

பேசி வைத்து ஆடுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. "நாம யாரையும் ஏமாத்தலியேங்க?" என்று இவரைக் கேட்டேன். "ரெண்டு பேரும் மத்தவங்களை நேர்மையா ஜெயிச்சுட்டு வாங்க. அப்புறம் உங்களுக்குள்ள என்ன பண்ணினா யாருக்கென்ன? கான்ட்ராக்டர் என்னைக் கேட்டா ஏணி குடுத்தான்?" என்றார். சரியென்று விட்டுவிட்டேன். காலையில் துணிக் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் பிசிறு வெட்டும்போதும் சரி, பஸ்ஸில் நிற்கும்போதும் சரி, அவர் எழுந்து வாசல்வரை நடந்து வருவதாக ஒரு படம் மனதில் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

சதுரங்கப் பலகையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக இவருக்கு ஒரே ஆராய்ச்சி. முடிவும் சொல்லிவிட்டார். முப்பது நகர்த்தலுக்கு முன்னால் வாயால் டிரா கேட்கக் கூடாது என்று விதி போட்டிருக்கிறார்களாமே. ஆனால் ஒரே நிலை மூன்று தடவை பலகையில் வந்துவிட்டால் அது விதிப்படியே டிரா. யாரும் கேள்வி கேட்க முடியாது. அதற்கு ஸ்பானிஷ் ஓபனிங்தான் தோது என்கிறார். நாம் மூவரும் ஆடி ஆடித் தேய்த்ததுதான். பத்து நகர்த்தல் வழக்கம்போல. நீ உன் யானையை ராஜாவின் பக்கத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவாய். நான் குதிரையை முன்னால் பாய்ச்சுவேன். யானை விட்டுப்போன இடத்தில் உள்ள சிப்பாயை அது மிரட்டும். நீ யானையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் அதைக் காப்பாற்றுவாய். நான் குதிரையைத் திருப்புவேன். நீ மறுபடி யானையை நடுவுக்குக் கொண்டுவருவாய். குதிரை போக, யானை ஒதுங்க, குதிரை திரும்ப, யானை திரும்ப. இன்னொரு தடவை அப்படியே. ஆட்டம் முடிந்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்களே களைத்துப்போனால் இப்படித்தான் வீட்டுக்குப் போவார்களாம்.

"அவகிட்ட சொல்லு, கொழுப்பெடுத்துப்போய் நடுவுல புதுசா எதையும் பண்ணக் கூடாதுன்னு" என்று உனக்குச் சேதி. சொல்லிவிட்டேன்.

நான் ஞாயிறு வரும்போது இவரைப் பக்கத்து வீட்டு டெய்லர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு. கண்ட நேரத்தில் தலைக்குக் குளிக்காதே.

அன்புடன்,
அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

போன ஞாயிறு நீங்கள் அந்த வங்கிக்காரியை மடக்கியதைக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு எட்டிப் பார்த்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தண்ணீர்க் குழாய் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வாரமாகத் தெரியாதவர்கள் மாதிரி நடித்து நடித்து, எனக்கு நிஜமாகவே நீங்கள் யாரோ போல ஆகிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது நிலவரம் இதுதான். நீங்களும் நானும் சமமாக முதலில். நம்மோடு ஆடுகிறாளே அந்த ஸ்கூல் டீச்சர், அவள் ஒரு புள்ளி பின்னால். நமக்குள் டிரா ஆனால் அவள் நம்மை எட்டவே முடியாது. நம்மில் ஒருத்தி தோற்று, அவளும் தன் ஆட்டத்தை ஜெயித்தால், தோற்றவளுக்குச் சமமாக வந்து நிற்பாள். சமமானால் இடம் அவளுக்கு, நம் இருவரையும் அவள் ஏற்கெனவே தோற்கடித்திருக்கிறாள். ஆகவே குதிரை, யானை, குதிரை, யானை. தூக்கத்தில்கூட அதையே சொல்கிறேனாம், அறைத்தோழி கிண்டல் செய்கிறாள்.

நடுவர் கண்கொத்திப் பாம்பாக இருக்கிறார், ஜாக்கிரதை. பேசி வைத்து ஆடினது தெரிந்தால் இருவருக்கும் பூஜ்யம் என்று போன வாரம் யாரிடமோ உறுமிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அண்ணி, வேலை விஷயமாக நீங்கள் ஏதாவது கேள்விப்பட்டீர்களா? புதிதாக ஏதாவது? ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன். கேள்விப்பட்டிருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

வாலு


மே 16

அன்புள்ள வாலுவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். படுக்கைப் புண்ணிலிருந்து வருகிறது என்கிறார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சூப்பர்வைசர் சனிக்கிழமை லீவு கிடையாது என்று சொல்லிவிட்டான். ஷிப்ட் முடிந்து, இவரைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை எழுதிக் கொண்டா, நான் பாக்கணும்" என்கிறார், காய்ச்சலிலும். மொத்தமே பதினாலு நகர்த்தல், அதில் என்ன பார்க்கப் போகிறாரோ.

ஞாயிறு பார்ப்போம்.

அண்ணி


மே 18, ஞாயிறு

அண்ணிக்கு,

ஹாஸ்டலுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். ஜெயித்துவிட்டேன். சந்தோஷம்தானே?

ஏன் அப்படிச் செய்தீர்கள்? ஒரு தடவை குதிரை போனது, யானை ஒதுங்கியது, குதிரை திரும்பியது, யானை திரும்பியது. சரி. இரண்டாவது தடவை நீங்கள் அந்தக் குதிரையைத் தொடவே இல்லை. இன்னொரு குதிரையை எடுத்து ராணிக்கு முன்னால் வைத்தீர்கள். முதலில் மறந்துவிட்டீர்களோ என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு இடத்தை ஒன்றாகக் குறைக்கப்போகிறார்கள் என்று துறைமுக ஆபீஸ் பியூன் சொன்ன பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. தெரியாதவர் தெரியாது என்று எழுதுவார். தெரிந்தவர்தான் காய்ச்சலைப் பற்றி எழுதுவார். ஒரே இடம் என்றால் அண்ணனுக்காக நானே விட்டுக்கொடுத்திருக்க மாட்டேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என்னைப் போய் ஏமாற்ற வேண்டுமா? நான் டிராவுக்கு வந்து அப்பாவியாக உட்கார்ந்திருப்பேன், கழுத்தை அறுத்துவிடலாம் என்றுதானே நினைத்தீர்கள்?

எனக்குக் கண் மண் தெரியவில்லை. நடுச் சிப்பாயை வெட்டினேன். அதற்குப் பிறகு நான் ஆடியது எனக்கே தெரியாது. என் ஜென்மத்தில் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை. முப்பது தாண்டி, உங்கள் ராஜாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கிய பிறகு, மெல்லிய குரலில் "டிரா?" என்று கேட்டீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஜெயிக்கிற வரைக்கும் ஜெயிக்கப் பார்த்துவிட்டு, தோற்கப்போகும்போது உறவு ஞாபகம் வந்ததா?

டீச்சரும் ஜெயித்துவிட்டாள். நீங்கள் மூன்றாவது. இதற்கு நான் பொறுப்பில்லை.

அண்ணனிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியவில்லை.

வாலு


மே 24

வாலு,

உன் கடிதம் வந்தது. எப்போதும் உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டுவேன். இதைக் காட்டவில்லை. வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தேன் என்கிறாயே, அங்கே நடுவர் நின்றுகொண்டிருந்தார். உன் நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நான் எழுதி வைத்திருந்த நகர்த்தல்களைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. குதிரை ஒரு தடவை போய் வந்ததை அவர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை அதே குதிரையைத் தொட்டால் இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டுவிடுவார் என்று தோன்றியது. பார்வைக்கு நிஜ ஆட்டம் போல இருக்கட்டும் என்று மற்றக் குதிரையை எடுத்து வைத்தேன். அவர் நகர்ந்ததும் பழையபடி ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ நடுச் சிப்பாயை வெட்டினாய். வெட்டிய சிப்பாய் திரும்பி வராதே, அதற்குப் பிறகு பழைய நிலைக்கு ஏது வழி?

அப்போதும் நான் பயப்படவில்லை. வாலு நடிக்கிறாள், நடுவருக்காக ஆக்ரோஷமாக ஆடுகிறாள் என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். முப்பது ஆகட்டும், வாயால் கேட்டுக்கொள்ளலாம் என்று வெறுமனே காயை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன். நீ எழுதி வைத்திருப்பாயே, எடுத்துப் பார். அதில் ஒரு நகர்த்தலாவது உன்னை ஜெயிக்க ஆடியதாக இருக்கிறதா? நீயும் நானும் எத்தனை வருஷம் ஆடியிருக்கிறோம், நான் எப்படி ஆடினால் ஜெயிக்க ஆடுகிறேன் என்று உனக்குத் தெரியாதா?

முப்பது தாண்டியது. நடுவர் டீ குடிக்கப் போய்விட்டார். "டிரா?" என்று கேட்டேன். நீ தலை நிமிரவில்லை. யானையை எடுத்து என் ராஜாவின் வரிசையில் டக்கென்று வைத்தாய். அந்தச் சத்தத்துக்கு அடுத்த மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

வேலை விஷயம் எதுவும் நான் கேள்விப்படவில்லை. உன் கேள்வியை வாசித்தபோது இவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், பதில் எழுத மறந்துவிட்டேன். மறந்தது என் தப்பு. ஆனால் கேள்விப்பட்டவள் நீ. ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரே இடம் என்றால் அண்ணனுக்காக விட்டுக்கொடுத்திருப்பேன் என்று இப்போது எழுதுகிறாய். அந்தப் புதன்கிழமைக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. சும்மாதான் கேட்கிறேன் என்றல்லவா எழுதினாய்?

கழகத்திலிருந்து நேற்று தபால் வந்தது. இடம் இரண்டேதான். உனக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று. நான் காத்திருப்போர் பட்டியலில்.

இவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. மெலிந்துவிட்டார்.

அண்ணி


மே 29

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான் வேலை செய்யும் பார்சல் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். எழுந்து உள்ளே போக முடியவில்லை. ஒரு பெண் வந்து "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் போதுமே. என் ஆட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன் அண்ணி. நீங்கள் சொன்னது சரிதான். குதிரை போய் வருகிறது, மந்திரி போய் வருகிறது. நான் மட்டும் வெறி பிடித்தவள் போல மேலே மேலே ஏறி வந்திருக்கிறேன். பலகையிலேயே எல்லாம் தெரிகிறது. அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பாவி.

துறைமுக ஆபீஸுக்குப் போனேன். அண்ணனைக் குடும்பமாகச் சேர்க்க வழியே இல்லையா என்று அந்தக் குமாஸ்தாவிடம் கெஞ்சினேன். இல்லை. ஆனால் ஒன்று சொன்னார். நான் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு அந்த இடம் போகும். அது நீங்கள். ஜூன் பதினாறுக்குள் நான் சேர வேண்டும், இல்லை விலக வேண்டும்.

விலகிவிடுகிறேன் அண்ணி. எனக்கென்ன, பார்சல் ஆபீஸ் இருக்கிறது. இந்த மாதத்தோடு தற்காலிக ஆட்களை எல்லாம் நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு, அது நிஜமாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் ஒரே ஒரு வரி எழுதுங்கள். விலகு என்று. அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் பதிலுக்காகத் தினமும் தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறேன்.

உங்கள் வாலு


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வரும் வரும் என்று பதினாறாம் தேதி மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. ஆபீஸ் மூடும் நேரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டேன்.

நீங்கள் கோபத்தில் எழுதவில்லையா, மனசார விட்டுக்கொடுத்து எழுதவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதியிருப்பீர்கள்தானே? சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். அறைத்தோழியும் அதையேதான் சொன்னாள். பார்சல் ஆபீஸில் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள், நான் சேர்ந்திருக்காவிட்டால் தெருவில்தான் நின்றிருப்பேன். இதையும் சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்குத் தண்ணீர் மெத்தை ஒன்று வாங்கி லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன். படுக்கைப் புண்ணுக்கு நல்லது என்றார்கள். பேப்பரில் எங்கள் அணியின் படம் வந்திருக்கிறது, அதையும் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம்.

அண்ணனைப் பார்க்க வரலாமா? நீங்கள் ஏசினால் கேட்டுக்கொள்கிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள் அண்ணி.

வாலு


ஆகஸ்ட் 20

உன் அண்ணனுக்காக இதை எழுதுகிறேன்.

மெத்தை வந்து சேர்ந்தது. புண் கொஞ்சம் ஆறியிருக்கிறது. மழை தொடங்கியதும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம், டெய்லரும் நானும். இனிமேல் ஆபரேஷன் செய்து பயனில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இவர் அதைக் கேட்டுக்கொண்டு, "பஸ் போயிடப் போகுது, கிளம்பலாம்" என்றார். வீட்டுக்கு வந்து சுவர் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஜூனில் நான் பதில் எழுதாததற்குக் காரணம் கேட்டிருக்கிறாய். எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை உட்கார்ந்தேன். விலகுகிறவள் விலகிவிட்டு எழுதுவாள், விலகட்டுமா என்று கேட்டு எழுதமாட்டாள் என்று தோன்றியது. உன் வாயில் இருக்கும் சோற்றைத் துப்பு என்று நான் என் கையால் எழுத வேண்டும் என்று எதிர்பார்த்தாய். என்னால் முடியவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். இவருக்காக அந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்கலாம். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.

பேப்பர் படத்தைக் காட்டினேன். தலைமாட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். வருகிறவர், போகிறவர், ஊசி போடுகிற நர்ஸ் எல்லாரிடமும், "என் தங்கச்சி, துறைமுக டீம்ல ஆடுறா" என்று காட்டுகிறார்.

அந்த ஆட்டத்தை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார். நடுவர் வந்து நின்றதையும், நான் பயந்துபோய் வேறு குதிரையை எடுத்ததையும் சொன்னேன். நீயும் நடுவருக்குப் பயந்துதான் நிஜமாக ஆடினாய், ஆட்டம் கைமீறிப் போய்விட்டது என்று சொன்னேன். நம்பிவிட்டார். உன்னைப் பற்றி நல்லதாக எது சொன்னாலும் நம்புவார். தினமும் சாயங்காலம் பலகையை வயிற்றின்மேல் வைத்து அதையே ஆடிப் பார்க்கிறார். நான் தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார வேண்டும். என் காயை நான் நகர்த்த வேண்டும், உன் காயை அவர் நகர்த்துவார். "பாத்தியா, எப்படி ஆடியிருக்கா என் தங்கச்சி" என்பார்.

போன வாரம் அந்த முப்பதைத் தாண்டிய இடத்தில் கையை நிறுத்திக்கொண்டார்.

"இங்க நடுவர் பக்கத்துல இருந்தாரா?"

"இல்லைங்க. டீ குடிக்கப் போயிட்டாரு."

"முப்பதும் ஆயிடுச்சு. அப்ப நீ டிரா கேட்டிருக்கலாமே. கேட்டியா?"

நான் எழுந்து அவர் தலையணையைச் சரிசெய்தேன்.

"வாலுகிட்ட கேட்டா மாட்டேன்னா சொல்லியிருப்பா? சொல்லு. எனக்காக அவ மாட்டேன்னு சொல்லுவாளா?"

"வாலு மாட்டேன்னு சொல்ல மாட்டா."

"அப்ப ஏன் கேக்கல?"

"தோணலைங்க. பதட்டத்துல மறந்துட்டேன்" என்றேன்.

பலகையைக் கையால் தள்ளிவிட்டார். காய்கள் கட்டிலுக்கு அடியில் எல்லாம் உருண்டு போயின. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து சொன்னார். "ஒரு வார்த்தைடி. ஒரே ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தா, நான் நடந்திருப்பேன்."

அதிலிருந்து என்னிடம் அதிகம் பேசுவதில்லை. சோறு ஊட்டினால் சாப்பிடுகிறார். உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், வாலு ஏன் வரவில்லை, நீ ஏதாவது சண்டை போட்டாயா என்று.

வா. செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு மத்தியான ஷிப்ட், ராத்திரிதான் திரும்புவேன். சாவி டெய்லரிடம் இருக்கும். உன் அண்ணனுக்கு முதுகைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எப்படி என்று டெய்லர் காட்டுவார். உன்னிடமும் அதே கேள்வியைக் கேட்பார். அண்ணி கேட்கவே இல்லை என்று சொல். மாற்றிச் சொல்லி அவர் மனசை நோகடிக்காதே. நடக்கத்தான் முடியாமல் போயிற்று, தங்கச்சி என்று ஒருத்தியாவது அவருக்கு மிஞ்சட்டும்.

நான் வீடு திரும்புவதற்குள் கிளம்பிவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி